நீலக் குறி முகத்துக்கு மட்டுமே சான்று
டேட்டிங் செயலிகளில் சரிபார்க்கப்பட்டதற்கான நீலக் குறி பெற்ற கணக்குகளை நம்பிப் பழகலாம் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. டிண்டர், பம்பிள் போன்ற செயலிகளில் அந்தக் குறி பெரும்பாலும் செல்ஃபிச் சோதனையால் கிடைப்பது. கணக்கிலுள்ள படங்களும் செல்ஃபி எடுப்பவரின் முகமும் ஒன்றா என்று அது பார்க்கிறதே தவிர, அவர் சொல்லும் பெயரும் வேலையும் உண்மையா, ஏற்கெனவே மணமானவரா என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு என் சித்தி மகளிடம் பழகியவரும் குறி பெற்றவர்தான். வீடியோ அழைப்பிலும் அதே முகம். மூன்றாம் நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்ன அவர், மூன்று வாரம் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு கிரிப்டோ முதலீட்டுத் தளத்தைக் காட்டி, முதலில் போட்ட 5,000 ரூபாயை லாபத்துடன் எடுக்கவும் விட்டார். அந்தப் பணம்தான் தூண்டில். அடுத்துப் போட்ட 80,000 ரூபாயை எடுக்க முயன்றபோது, முதலில் வரி கட்ட வேண்டும் என்றார்கள் அந்தத் தளத்தினர். கணக்கிலுள்ள படம் இணையத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று கூகுள் லென்ஸில் தேடினால் போதும் என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திருடிய படமென்றால் அது உதவும், சொந்த முகத்துடன் வருபவரிடம் உதவாது. பேச்சைச் செயலிக்கு வெளியே இழுக்க அவசரப்படுபவரை அங்கேயே புகார் செய்து விலக்குவதுதான் முக்கியம் என்பேன். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் அது போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கை முடக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம். என் சித்தி மகளோ வெட்கத்தால் எட்டு நாள் எவரிடமும் சொல்லவில்லை.