மஹ்மூத் வேறு, முகம்மது வேறு

கர்நாடகத்துப் பீதர் நகரின் பழைய மதரஸாவின் (இஸ்லாமியக் கல்விக்கூடத்தின்) படத்துக்குக் கீழே "கஜினி முகமது கட்டியது" என்று நேற்று ஒருவர் எழுதியதும், அதன் அடியில் பொழிந்த வசவுகளும் நீங்கள் அறிந்தவையே. திருத்தம் சொன்ன எனக்குக் கிடைத்த விடை: "எல்லாம் ஒரே பெயர்தானே!"

ஒரே பெயர் இல்லை. கஜினியை ஆண்டு, சோமநாதபுரத்தைச் சூறையாடி, 1030இல் இறந்தவர் பெயர் மஹ்மூத். முகம்மது அன்று, அரபியில் வேர் ஒன்று, பெயர் வேறு. பீதரில் மதரஸாவை 1472இல் எழுப்பியவர், ஈரானின் கீலானிலிருந்து வந்து பாமினி அரசின் தலைமை அமைச்சரான மஹ்மூத் கவான். இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. கவானின் முத்திரை பதித்த வெற்றுத்தாளில் பகைவர்கள் பொய்க் கடிதம் எழுதிக்காட்ட, அதை நம்பி 1481இல் அவரைக் கொல்லச் சொன்ன சுல்தான்தான் முகம்மது ஷா. அதாவது அங்கே மஹ்மூதைக் கொன்றவர் முகம்மது. இங்கே இருவரும் ஒருவராம்.

நம் பழைய பாடப்புத்தகங்கள் "கஜினி முகமது, கோரி முகமது" என்று உடன்பிறந்தவர்களைப் போல இருவரைச் சேர்த்து வைத்தன. உண்மையில் கோரியின் சிறிய தந்தை முறையினரான அலாவுதீன் உசேன் கஜினி நகரையே கொளுத்தி, "உலகை எரித்தவர்" என்று பெயர் வாங்கினார். (இவரைக் கில்ஜி என்று நாளை எவரேனும் எழுதுவார்கள்; காத்திருக்கிறேன்.)

சாதாரண மக்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்கள். தஞ்சையை எரித்த மாறவர்மன் சுந்தர பாண்டியனையும், திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்த சடையவர்மன் சுந்தர பாண்டியனையும் ஒருவர் குழப்பினால் கல்வெட்டு எண்ணோடு ஓடிவருகிறவர்கள்தாமே நீங்கள்? அந்தக் கவனம் இந்தப் பெயர்களுக்கு மட்டும் ஏன் களைத்துப்போகிறது?

மதத்துக்காகப் பரிந்து பேசுகிறேன் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சோமநாதபுரத்துக் கொள்ளையைக் கொள்ளை என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயரும் மஹ்மூத். எட்டாம் வகுப்பில் கணக்குத் தேர்வில் இரண்டாம் முறை தோற்றபோது, "கவலைப்படாதே கஜினி, இன்னும் பதினைந்து படையெடுப்பு பாக்கி இருக்கிறது" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அந்த வயதில் வேறென்ன செய்திருக்க முடியும்? பள்ளி முடியும்வரை என் சொந்தப் பெயரால் என்னை அழைத்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நேற்றிரவு என் திருத்தத்துக்குக் கீழே புதிய விடை வந்திருந்தது: "கோபம் வேண்டாம், கஜினி பாய்." நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். படத்தின் கீழிருந்த பெயர் அப்படியே இருக்கிறது.