காணி யாருடைய பெயரில்?

லண்டனில் இருக்கிற நம்மவர்களிடம் உதைபந்தாட்டம் என்று வாய் திறந்தால் போதும், ஆர்சனல், லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டெட் என்று கட்சி பிரிந்துவிடுவார்கள். கதை சூடுபிடித்தால் முதலாளிமாரையும் இழுப்பார்கள். அமெரிக்கன் காசு எடுக்கிறான், அரபுக்காரன் காசு கொட்டுகிறான் என்று விடிய விடியப் போகும். ஆனால் தென் லண்டன் மிட்சத்தில் (Mitcham) குடியிருந்து, பிஷப்ஸ்ஃபோர்ட் வீதியால் தினமும் வேலைக்குப் போய்வருகிற பலருக்கு அந்த வீதியோரம் ஒரு கழகம் இருப்பதே தெரியாது. டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைட்டெட். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. மைதானத்துக்குப் பெயர் இம்பீரியல் ஃபீல்ட்ஸ்.

சில சனிக்கிழமைகளில் அங்கே போவேன். கட்டணம் பெரிதாக இல்லை. சில நூறு பேர் வந்தால் நல்ல கூட்டம். நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், அதுவும் ஆளோடு ஆளாக நின்று பார்க்கும். இந்த மட்டத்தில் பியர்க் கோப்பையோடு புல் ஓரத்திலேயே நிற்கலாம், மேல்மட்டப் போட்டிகளில் சட்டம் விடாது. இடைவேளை விட்டதும் ஒரு வேடிக்கை நடக்கும். பாதிக் கூட்டம் மைதானத்தைச் சுற்றி நடந்து மற்றக் கோலுக்குப் பின்னால் போய் நிற்கும், தங்கள் அணி அடிக்கப்போகிற பக்கம் அதுதான் என்பதால். எதிரணிக்காரரும் அதே வேளையில் இங்கால் வருவார்கள். இரண்டு கூட்டமும் நடுவழியில் சந்திக்கும்போது நல்ல நையாண்டி கேட்கலாம். பொலிஸ் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

சில நாட்களாக வாட்ஸ்அப் குழு ஒன்றில் “கழகத்தை ரசிகர்களே வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஒரு விவாதம் ஓடுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல இந்த ஒரு மைதானத்தின் கதையே போதும்.

டூட்டிங் கழகத்தின் பழைய இடம் சாண்டி லேன். 1959 ஜனவரியில் எஃப்.ஏ. (இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்) கிண்ண மூன்றாம் சுற்றுக்கு, அப்போது உச்ச மட்டமாக இருந்த முதற்பிரிவு அணியான நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அங்கே வந்தது. இறுகிப்போன தரையில் ஆட்டம் 2-2. மறு ஆட்டத்தில் ஃபொரஸ்ட் 3-0 என்று வென்று, அந்த வருடக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சாண்டி லேனில் இப்போது வீடுகள். பழைய காணியை விட்டு 2002 இல் இம்பீரியல் ஃபீல்ட்ஸுக்கு வந்த டூட்டிங் அதிர்ஷ்டம் செய்த கழகம், ஏனென்றால் போக ஓர் இடம் இருந்தது.

டல்விச் ஹாம்லெட்டுக்கு அப்படியில்லை. அவர்கள் டூட்டிங்கின் பழைய போட்டியாளர்கள். நீலமும் ரோஸும் சட்டை, சம்பியன் ஹில் மைதானம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். அந்தக் காணியின் ஒரு பகுதி முன்னமே சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. 2014 இல் மெடோ ரெசிடென்ஷியல் என்ற கட்டட நிறுவனம் மிச்ச இடத்தை வாங்கியது. வீடு கட்டுவது அவர்கள் நோக்கம். சதக் (Southwark) கவுன்சிலோடு கட்டட அனுமதி இழுபறிப்பட, 2018 மார்ச்சில் கழகம் வெளியே. அதுகூடப் பரவாயில்லை. கூடவே ஒரு வக்கீல் கடிதம் வந்தது: கழகத்தின் பெயரும் “த ஹாம்லெட்” என்ற செல்லப்பெயரும் வர்த்தகக் குறியாகப் பதியப்பட்டுவிட்டன, இனி அவற்றை நீங்கள் பாவிக்கக்கூடாது. 1893 இலிருந்து கூப்பிட்டு வந்த பெயர்! நாடாளுமன்றம் வரைக்கும் கதை போய், கடைசியில் அந்தப் பெயர் விவகாரத்தில் நிறுவனம் பின்வாங்கியது.

தெருவில் நின்ற டல்விச்சுக்கு இடம் கொடுத்தது யார்? டூட்டிங் அண்ட் மிட்சம். போட்டிக் கழகம். பருவத்தின் மீதி ஆட்டங்களை டல்விச் இம்பீரியல் ஃபீல்ட்ஸில் ஆடியது. அந்த மே மாதம் அதே புல்லில் ஹெண்டன் அணியைப் பெனால்டியில் வென்று ஆறாம் மட்டமான நஷனல் லீக் சவுத்துக்கு ஏறியது. அந்த டிசம்பரில் சம்பியன் ஹில்லுக்குத் திரும்பவும் முடிந்தது. வாடகை வாங்கித்தானே இடம் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வாங்கட்டும். பார் வருமானத்தில் ஓடுகிற கழகம் தர்மத்துக்கு விளக்கு எரிக்க முடியாது.

வில்லன் யார் என்று சொல்லத் தேவையில்லாத கதை இது. அதனால்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதியது. கிங்ஸ்டோனியன் கதையை அவ்வளவாக எழுதமாட்டார்கள், ஏனென்றால் அதில் கழகத்தை வெளியே தள்ளியது நல்லவர்கள்தான்.

விம்பிள்டன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1988 இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கழகம். 1991 இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு கிரிஸ்டல் பலஸிடம் வாடகைக்குப் போனது. 1997 இல் உரிமையாளர் கழகத்தை நோர்வேக்காரருக்கு விற்றார். அடுத்த வருடம் பிளவ் லேன் தனியாக ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் போனது. கழகம் ஒரு கையில், காணி இன்னொரு கையில். மைதானம் இல்லாத கழகத்தை எங்கேயும் கொண்டுபோகலாம் என்று ஆனது அங்கேதான். 2002 மே 28 அன்று எஃப்.ஏ. நியமித்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் லண்டனுக்கு வெளியே தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸுக்குப் போக அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, பொதுவெளியில் வீரர் தேர்வு வைத்து, லீக் ஏணியின் ஒன்பதாம் மட்டத்தில் இறங்கினார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 4,657 பேர். 4-0 என்று தோற்ற ஆட்டத்துக்கு அவ்வளவு சந்தோசம் வேறெங்கும் இருந்திருக்காது. ஒன்பதே வருடத்தில், 2011 இல், ஃபுட்பால் லீக்குக்கு ஏறினார்கள். ரசிகர் உடைமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்த நாட்டில் இல்லை. எனக்கும் அவர்கள்மேல் மரியாதைதான்.

ஆனால் அந்தப் புதுக் கழகம் ஆட இடம் தேடி எங்கே போனது? கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோவுக்கு. 1885 இல் தொடங்கிய கிங்ஸ்டோனியனின் மைதானம் அது. ரிச்மண்ட் ரோட்டில் இருந்த பழைய இடத்தை வீடு கட்ட விற்றுவிட்டு, 1989 இல் அங்கே வந்தவர்கள். 1999, 2000 என்று அடுத்தடுத்து வெம்பிளியில், கீழ்மட்டக் கழகங்களுக்கான எஃப்.ஏ. டிராஃபி வென்ற அணி. அடுத்த வருடமே ஒரு மட்டம் கீழே இறங்கி, கடன் தாங்காமல், நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பெடுக்கிற நிர்வாகிகள் கைக்குப் போனது. மைதானக் குத்தகையும் கைமாறியது. 2002 இல் விம்பிள்டன் அங்கே வாடகைக்கு வந்தது. 2003 இல் குத்தகையையே வாங்கிவிட்டது. சொந்தக்காரனாக இருந்த கிங்ஸ்டோனியன் வாடகைக்காரன் ஆனது.

அந்த நேரம் அது கெட்ட காரியமில்லை. வேறு யாராவது வாங்கியிருந்தால் இரண்டு கழகமும் வெளியே நின்றிருக்கும். பல வருடம் இரண்டும் ஒரே புல்லில் பெரிய சச்சரவில்லாமல் ஆடின. சிக்கல் விம்பிள்டன் வளர்ந்த பிறகு. பிளவ் லேன் பக்கத்தில், பழைய நாயோட்ட மைதானம் இருந்த இடத்தில், புது அரங்கு கட்டக் காசு வேண்டும். கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றார்கள். மகளிர் அணிக்கும் இளையோர் அணிகளுக்கும் செல்சிக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 2017 இல் செல்சி மகளிர் உள்ளே வர, கிங்ஸ்டோனியன் வெளியே போனது. முதலில் லெதர்ஹெட், பிறகு டோல்வர்த்தில் கொரிந்தியன் கஷுவல்ஸின் மைதானம். 2022 இல் எங்கே வந்து நின்றார்கள் தெரியுமா? இம்பீரியல் ஃபீல்ட்ஸ். திரும்பவும் டூட்டிங் அண்ட் மிட்சம்தான் கதவைத் திறந்தது.

என்னோடு வேலை செய்கிற விம்பிள்டன் ரசிகர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனுஷன், தொடக்கத்திலிருந்தே கழக உறுப்பினர். “விற்காமல் நாங்கள் எப்படி ஊருக்குத் திரும்பியிருப்போம்? அவர்களுக்கும் ஒரு தொகை கொடுத்தோம்தானே?” என்றார். இரண்டும் உண்மை. ஆனால் “மில்டன் கீன்ஸுக்குப் போனவர்களும் கடன், காசு, வேறு வழியில்லை என்றுதானே சொன்னார்கள்?” என்று திருப்பிக் கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். விம்பிள்டன் யாருடைய பெயரையும் லீக் இடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஆனால் வெளியே நின்ற கிங்ஸ்டோனியன் ரசிகருக்கு அந்த வித்தியாசம் எந்த வகையில் உதவும்?

ரசிகர் உடைமை என்பது அந்தக் கழகத்து ரசிகர்களுக்குத்தான் பாதுகாப்பு. உறுப்பினர்கள் தங்கள் கழகத்துக்கு நல்லது பார்த்துத்தான் கை தூக்குவார்கள், அடுத்த கழகத்துக்காக அல்ல. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் கழகம் யார் கையில் என்று மட்டும் பார்ப்பது போதாது என்கிறேன். நம்முடைய கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகசபைத் தேர்தலென்றால் பாதி லண்டன் வந்து வரிசையில் நிற்கும், தலைவர் யார், பொருளாளர் யார் என்று அடிபடுவார்கள். கட்டடம் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று கேட்பவர் ஒருவரோ இருவரோ. பிறகு வழக்கு வரும்போதுதான் எல்லாரும் அந்தக் கடதாசியைத் தேடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011 இன் உள்ளூர்மயச் சட்டப்படி ஒரு மைதானத்தைச் சமூகச் சொத்தாகக் கவுன்சிலில் பதியலாம். உரிமையாளர் விற்க நினைத்தால், ஊர்ச் சங்கமொன்று வாங்க முன்வந்தால், ஆறு மாதம் பொறுக்கவேண்டும். அதன்பிறகு அவர் விரும்பிய ஆளுக்கு விற்கலாம்! ஆறு மாதத்தில் லண்டன் காணி விலைக்குக் காசு சேர்க்கிற ஊர்ச் சங்கம் எங்கே இருக்கிறது? 2025 ஜூலையில் சட்டமான உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் இன்னும் பலமானது. மைதானத்தை விற்பதற்கோ இடம்மாறுவதற்கோ உதைபந்தாட்டத்துக்கென்றே அமைத்த ஒழுங்குபடுத்துநரின் அனுமதி வேண்டும். நல்லது. ஆனால் அது மேலேயுள்ள ஐந்து மட்டங்களுக்கு மட்டும். நஷனல் லீக்கோடு கோடு போட்டுவிட்டார்கள். நான் மேலே சொன்ன டூட்டிங், டல்விச், கிங்ஸ்டோனியன் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. தொலைக்காட்சிப் பணம் வராத, காணியைத் தவிர விற்க வேறொன்றும் இல்லாத கழகங்களை வெளியே விட்டுவிட்டு மான்செஸ்டர் சிட்டியின் அரங்கைக் காப்பாற்றுகிறார்கள். அதை யார் இடித்து வீடு கட்டப்போகிறார்கள்?

கீழ்மட்டக் கழகங்களுக்குச் செலவு கூடும், கடதாசி வேலை கூடும் என்பது சொல்லப்படும் சாட்டு. உரிமம், வரவுசெலவு அறிக்கை, அதிகாரிகளுக்குத் தகுதிப் பரீட்சை எல்லாம் வேண்டாம்தான், சனிக்கிழமை மைதானத்தில் கோடு போடுகிறவரே செயலாளராகவும் இருக்கிற இடங்கள் இவை. மைதான விற்பனை என்ற ஒரேயொரு பிரிவை மட்டும் பத்தாம் மட்டம் வரைக்கும் இறக்கினால் என்ன? அந்தப் புல்லில் கடைசியாக ஆடிய கழகத்துக்கு அதே ஊரில் அதே தரத்தில் வேறு மைதானம் எழுத்தில் உறுதியாகும் வரை விற்பனை செல்லாது என்று இரண்டு வரி. வாடகைக்கு ஆடுகிற கழகத்துக்கும் அது பொருந்தவேண்டும், வாங்குகிறவர் செல்சியாக இருந்தாலும், விற்கிறவர் விம்பிள்டனைப் போன்ற நல்லவராக இருந்தாலும்.

மேர்ட்டனிலும் கிங்ஸ்டனிலும் நம் ஆட்களுக்கு வாக்கு இருக்கிறது. அடுத்த முறை கதவைத் தட்டுகிற எம்.பி. வேட்பாளரிடமும் கவுன்சில் வேட்பாளரிடமும் இதைக் கேட்டுப்பாருங்கள். நான் கேட்கப்போகிறேன். விம்பிள்டன் நண்பரும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் “விம்பிள்டனைப் போன்ற” என்ற இடத்தை எடுத்துவிடச் சொல்கிறார். எடுக்கமாட்டேன்.