நாய்க்கும் பெயர் எழுதியவர்கள் நாம்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டைக் காக்கப் போய் மாண்ட வீரனைச் செதுக்கி, அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடவில்லை. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு செத்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்.

2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. எண்களுக்குப் பஞ்சமில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக ஆய்வு எழுபதாயிரத்துக்கும் மேல் என்ற கணக்கைச் சுட்டியது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப், அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டுப் பார்த்து 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். இந்த எண்களை வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை போடுகிறோம்.

மே மாதம் வந்தால் என் முகநூலில் நினைவுச்சின்னங்களின் படங்கள் வரிசைகட்டுகின்றன. மண்ணிலிருந்து எழும் கைகள், பிள்ளையை மடியில் கிடத்திய தாய், அறுந்த சங்கிலி. புலம்பெயர்ந்த நாடுகளில் புதிது புதிதாக எழுப்புகிறோம்; கனடாவின் பிராம்டனில் 2025 மே மாதம் ஒன்று திறக்கப்பட்டது. எழுப்பட்டும். ஆனால் சிற்பம், கோபுரம், வளைவு என்று போகும் இந்த வேகத்தில், யாருக்காக என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. தஞ்சாவூர் விளாரில் 2013 நவம்பரில் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தைப் பாருங்கள். கல்லில் அத்தனை துயரமும் இருக்கிறது. தீக்குளித்தவர்களின் முகங்கள் இருக்கின்றன. திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்துத் தள்ளியது வெட்கக்கேடு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனாலும் அங்கே கஞ்சி வாங்கப் போய் வரிசையில் செத்துப்போன ஒரு கிழவியின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இலங்கை அரசு எழுப்பியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளிநொச்சியில் பெரிய கான்கிரீட் கட்டி, அதில் ஒரு குண்டு பாய்ந்து விரிசல், உச்சியில் ஒரு தாமரை. புதுக்குடியிருப்பில் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கொடியுமாகச் சிப்பாய். அவை வெற்றிச் சின்னங்கள். துக்கத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்து, கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத் தலைமையகம் கட்டியவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க?

சிங்கள அரசைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. ஒரு நினைவுக்கல் உருவாகும் கதையை ஒரு காண்டம் முழுக்கச் சொன்ன காப்பியம் நம்முடையது. கல்லைத் தேர்வது, நீரில் ஆட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று வஞ்சிக் காண்டம் நகர்கிறது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கான கல் அது. செங்குட்டுவன் என்ன செய்தான்? இமயத்தில் எடுத்த கல்லைத் தோற்ற அரசர்களான கனக விசயர் தலையில் ஏற்றினான். கண்ணகியின் துக்கம் சேரனின் வெற்றி ஊர்வலமாகிவிட்டது. பாண்டிய நாட்டில் இன்னும் மோசம்: ஒரு பொற்கொல்லன் செய்த பாவத்துக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்துச் சாந்தி செய்தான் வெற்றிவேற்செழியன். அந்த ஆயிரம் பேருக்கு யார் கல் நட்டார்கள்? இளங்கோ இதையெல்லாம் மறைக்காமல் எழுதிவைத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மாடலன் என்ற மறையவன் வந்து இடித்துரைத்த பிறகு செங்குட்டுவன் சிறைப்பட்ட ஆரிய மன்னர்களை விடுவிக்கிறான். கடைசியில் கண்ணகி முன் நிற்கும் கூட்டத்தில் விடுதலையான அவர்களும் இருக்கிறார்கள், இலங்கைக் கயவாகுவும் இருக்கிறான்.

அதே கண்ணகிக்கு நந்திக்கடல் கரையில் வற்றாப்பளையில் கோயில் இருக்கிறது. போரின் கடைசி நாட்கள் கழிந்த அதே நீர்ப்பரப்பின் கரை. கோயிலின் ஐதிகம் பலருக்குத் தெரிந்திருக்காது. மதுரையை எரித்துவிட்டு ஒரு கிழவி அங்கே வந்தாள். மாடு மேய்த்த பையன்கள் அவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே என்றார்கள். கடல்நீரை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். முடியை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, உப்புநீரில்தான் விளக்கெரிக்கிறார்கள். எரித்துவிட்டு வந்தவளுக்கு அந்த ஊர் செய்த மரியாதை: ஒரு பிடி சோறு, ஒரு விளக்கு, தலையைத் தடவிப் பார்க்கும் ஒரு கை. சேரன் செய்த மரியாதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முள்ளிவாய்க்கால் கஞ்சி இந்த வழியில் வந்தது. அரிசி, தண்ணீர், உப்பு. பால் இல்லை, தேங்காய் இல்லை, பயறு இல்லை. கடைசி வாரங்களில் மக்கள் எதைக் குடித்து உயிர் தரித்தார்களோ அதையே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றித் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சுவையாக இருக்காது, இருக்கவும் கூடாது. கலை விமர்சகர்கள் இதைச் சடங்கு என்று ஒதுக்கலாம். ஆனால் 2024 மே மாதம் திருகோணமலைச் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்தது. எந்தச் சிற்பத்துக்கு இவ்வளவு மதிப்பு கிடைத்தது? 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த நினைவுத்தூபியை இடித்தபோதும் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்று நாள் கழித்துத் துணைவேந்தர் வந்து, மறுபடி கட்ட அடிக்கல் வைத்து, அவர்களுக்குக் கஞ்சி கொடுத்துத்தான் முடித்துவைத்தார். ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது.

கஞ்சியாலும் முடியாத வேலை ஒன்று உண்டு. அது பெயர் சொல்லாது. அதைச் செய்கிறவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார்கள்தான் அவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். பெயர் கேட்டால் சொல்வார்கள். எங்கே, எந்த நாள், யார் கையில் ஒப்படைத்தோம் என்பதையும் சொல்வார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 2025இல் புதைகுழி தோண்டியபோது சிறு பிள்ளையின் எலும்புகளோடு ஒரு நீலப் புத்தகப்பை வந்தது. ஆகஸ்டில் நீதிமன்ற அனுமதியோடு துணிகளையும் பொருட்களையும் பரப்பிவைத்து, அடையாளம் தெரிந்தவர்கள் வந்து பாருங்கள் என்றார்கள். பையின் நிறம் தெரிகிறது, பிள்ளையின் பெயர் தெரியவில்லை.

ஆகவே நிதி திரட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சிலைக்கு முன் பட்டியலுக்குச் செலவழியுங்கள். கிராம சேவகர் பிரிவு வாரியாக, கோயில் வாரியாக, பங்குத்தந்தைகளிடம் இருக்கும் மரணப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் செய்யலாம். எந்தப் பதுங்குகுழிக்குள் யாரை மூடிவிட்டு வந்தோம் என்று தெரிந்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பாதிப்பேர் டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். தேனி மாவட்டம் புள்ளிமான்கோம்பையில் கிடைத்த சங்ககாலக் கல் தருவது ஆளின் பெயர், ஊர், எந்தச் சண்டை என்ற அளவுதான். அவ்வளவு போதும்.

எண்ணிக்கை குறைந்துவிட்டால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்று ஒரு நண்பர் பயந்தார். இந்தப் பயம் நியாயமானது, ஆனால் இருபதாயிரம் பெயர்தான் தேறுகிறது என்றால் அந்த இருபதாயிரத்தை ஒருவராலும் இல்லை என்று சொல்ல முடியாது. மிச்சத்தைப் பற்றிய வழக்கு அப்படியே நிற்கும். போராளியா, பொதுமகனா என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று இன்னொருவர் கேட்டார். அது குடும்பத்தின் விருப்பம். காலியாக விட்டாலும் குறையில்லை.