எட்டாவது கேள்வி

போன மாதம் எனக்கு வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. எம்.எஸ்சி. உளவியல். நாற்பத்தோரு வயதில், இரண்டு பிள்ளைகளின் பரீட்சைக்கு நடுவில், ஆய்வேட்டை ஒருவழியாகப் பைண்டு பண்ணிக் கொடுத்து, பட்டுச்சேலை வேண்டாம் பருத்திச்சேலை போதும் என்று முடிவெடுக்க ஒரு மணி நேரம் செலவழித்து, போய் நின்று, இருபத்தைந்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு வந்தேன். வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கல்யாண மண்டபத்தில் என்னை நிறுத்தி, "சைக்காலஜி படிச்சிட்டியாமே, இப்ப நான் என்ன நினைக்கிறேன் சொல்லு" என்று கேட்ட சித்தப்பாவுக்கும் நன்றி. பந்தி எப்போது போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு எம்.எஸ்சி. தேவைப்படவில்லை.

நன்றி இதோடு முடிந்தது. ஒரு மாதமாக மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை இறக்கி வைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். நம் ஊர் உளவியல் ஆய்வேடுகளில் எது உளவியலோ அது கடைசிப் பக்கத்துப் பின்னிணைப்பில் போய்க் கிடக்கிறது. அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், மார்க் குறைக்கத்தான் பார்க்கிறார்கள்.

என் தலைப்பு, அங்கன்வாடிப் பணியாளர்களின் மன அழுத்தம். சின்னவளை அங்கன்வாடியில் விட்டுக் கூப்பிட்ட இரண்டு வருடத்தில் அந்த டீச்சர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ஆம் தேதி. பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பாட்டு, விளையாட்டு என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் கர்ப்பிணிகள் பட்டியல், பாலூட்டும் தாய்மார்களுக்குச் சத்துமாவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை, உயரம், வீடு வீடாகப் போய் வருவது, அப்புறம் இது எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது. டவர் கிடைக்காவிட்டால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவது. ஆயாம்மா லீவு என்றால் சமையலும் அவர் தலையில்தான். "இவங்களுக்கு அழுத்தம் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அளக்காவிட்டால் ஆய்வேடு கிடையாதே.

அளப்பதற்கு நான் எடுத்த ஸ்கேல், அதாவது பதிலுக்கு மதிப்பெண் போடும் கேள்வித்தாள், உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1983-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. முதலில் 14 கேள்விகள் இருந்தன. 1988-இல் 10 கேள்வி வடிவம் வந்தது. உளவியல் மாணவர்களில் பாதிப்பேர் எப்போதாவது ஒருமுறை இதைத் தொட்டிருப்பார்கள். கடந்த ஒரு மாதத்தில் இப்படி எத்தனை தடவை உணர்ந்தீர்கள் என்று கேட்கும்; 0 முதல் 4 வரை மதிப்பெண்; மொத்தம் 40. பத்தில் ஆறு கேள்விகள் கஷ்டத்தைக் கேட்கும், நாலு கேள்விகள் நல்லதைக் கேட்கும். 4, 5, 7, 8 ஆகிய அந்த நாலுக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 0 என்றால் 4, 4 என்றால் 0 என்று. 1983-இல் இதை யாரிடம் கேட்டுச் சரிபார்த்தார்கள் தெரியுமா? கல்லூரி மாணவர்களிடமும், சிகரெட்டை விடுவதற்கான வகுப்புக்கு வந்தவர்களிடமும். அதில் தப்பே இல்லை. அவர்கள் ஊர், அவர்கள் மொழி.

திருமங்கலம் பக்கத்து அங்கன்வாடிக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை.

முதல் தமிழ் வடிவத்தை நானே ஒரே ராத்திரியில் எழுதினேன். பெருமையாக இருந்தது. மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு முதல் ஆளைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மட்டும் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டே ஒற்றைக் கண்ணால் என் பையை நோட்டம் விட்டான். தட்டில் முட்டை ஓடு கிடந்தது. டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது மூப்பு, அதனால் அக்கா. சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டதும், "கையெழுத்தா? வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்றார். அதைப் புரியவைக்கவே கால் மணி நேரம் போனது.

அழுத்தமாக உணர்ந்தீர்களா என்று கேட்டேன். "பிரஷரா? இருக்கு. மாத்திரை போடுறேன்" என்றார்.

எரிச்சலைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்று கேட்டேன். "காரம் சாப்பிட்டா நெஞ்சுல எரியும். இப்ப குறைச்சிட்டேன்" என்றார்.

எட்டாவது கேள்வி. ஆங்கிலத்தில் எல்லாம் நம் பிடியில் இருக்கிறது என்பதற்கு 'மேலே இருப்பது' என்று ஒரு வழக்கு உண்டு. நான் அகராதி புத்தியோடு, 'விஷயங்களின் உச்சியில் இருப்பதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள்?' என்று எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன். அக்கா ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "உச்சியிலயா? நான் எதுக்கு தண்ணி டேங்க் மேல ஏறப் போறேன்?" என்றார். நடித்துக்கொண்டிருந்த பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அக்கா சிரிக்காமல், ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால்? 'சில நேரம், 2' என்று எழுதிக்கொண்டு நான் பாட்டுக்கு எழுந்து வந்திருப்பேன். அது எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏறி, அட்டவணையாகி, மூன்று தசமத்தோடு தங்க எழுத்து அட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது?

இதைவிட மோசம் கூகுள் ஃபார்ம். 'என் ப்ராஜெக்ட்டுக்கு இதை ஃபில் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம்தான்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருமே, அதேதான். எதிரில் ஆள் இல்லாததால் அங்கே சிரிக்கக்கூட ஆள் இல்லை. நானும் பத்துப் பேருடைய ஃபார்மை டீ ஆறுவதற்குள் தட்டி அனுப்பியிருக்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். 'மன அழுத்தம்' என்று நாம் எழுதும் சொல்லே குழப்படி. செய்தித்தாளில் ஒரு நாள் வேலைப்பளுவுக்கு அந்தச் சொல், மறுநாள் மனச்சோர்வு நோய்க்கும் அதே சொல். சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள்? 'டென்ஷன்.' அந்தச் சொல்லைப் போட்டதும் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. நானும் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். இரண்டு நாள் கழித்து ஒரு டீச்சர், "நான் டென்ஷனே ஆக மாட்டேன், பிள்ளைகள அடிக்கவே மாட்டேன்" என்றார். நம் ஊரில் 'டென்ஷன் ஆகாதீங்க' என்றால் கோபப்படாதீங்க என்று அர்த்தம். போச்சு.

பிறகு நான் எதையும் சொல்லாமல், முடியாமல் போகிற நாளில் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். மனசு பாரமா இருக்கும். நெஞ்சு படபடன்னு வரும். கை கால் ஓயும். தலை கனக்கும். ராத்திரி படுத்தா செயலிதான் கண்ணுக்குள்ள ஓடும். ஒருத்தர் சொன்னார்: "சோறு இறங்காதும்மா, அவ்வளவுதான்." தவிப்பை ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒரு மொழியில் சொல்லும் என்பதைப் பற்றி மானுடவியலாளர் மார்க் நிக்டர் 1981-இல் எழுதிய கட்டுரை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்டது தென்னிந்தியாவைத்தான், கர்நாடகக் கரையோரத்துப் பெண்களை. அதை நான் இரண்டாம் அத்தியாயத்தில் அழகாக மேற்கோள் காட்டிவிட்டு, மூன்றாம் அத்தியாயத்துக்கு 'அழுத்தமாக உணர்ந்தீர்களா' என்று கேட்கக் கிளம்பியிருக்கிறேன். படித்தவள் லட்சணம்.

எட்டாவது கேள்விக்கு விடை அந்தத் தண்ணி டேங்க் அக்காவிடமே கிடைத்தது. நான் என்ன கேட்க வருகிறேன் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டவர், "வேலையெல்லாம் நம்ம கைக்குள்ள இருக்குன்னு தோணுச்சான்னு கேளுங்க. அவ்வளவுதான" என்றார். அவ்வளவுதான். நான் இரண்டு வாரம் தேடிய வாக்கியம்.

மொழிபெயர்த்ததை இன்னொருவர், மூலத்தைப் பார்க்காமல், திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது முறை. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதியதிலிருந்து எல்லாரும் பிடித்துக்கொண்டது. ஒரு ஆங்கில ஆசிரியை செய்து கொடுத்தார். எட்டாவது கேள்வி 'எல்லா வேலையும் என் கைக்குள் இருந்தது' என்று ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. மூலத்தில் கையும் இல்லை, வேலையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் வருகிறது.

தரவு சேர்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஓரளவு அடிக்கடி', 'மிக அடிக்கடி' என்ற இரண்டுக்கும் நடுவில் யாருமே வித்தியாசம் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில், "அப்பப்போ". லீ கிரான்பாக் 1951-இல் கொடுத்த ஆல்ஃபா என்று ஒரு எண் உண்டு, கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்று பார்ப்பதற்கு. 0.7 வந்தால் கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், சிரிப்பார். எனக்கு முதலில் வந்த எண்ணைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். அந்த நாலு கேள்விக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்திருந்தேன். திருப்பிய பிறகும் 0.7-ஐ எட்டவில்லை. கருதுகோளும் கவிழ்ந்தது. சர்வீஸ் கூடினால் அழுத்தமும் கூடும் என்று எதிர்பார்த்தேன், அப்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை. "இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பாரு, வந்துரும்" என்று ஒரு சீனியர் அக்கறையாகச் சொன்னார். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் 2015-இல் வெளியான நூறு உளவியல் ஆய்வுகளின் மறுசோதனையில் முப்பத்தாறு சதவீதம்தான் மறுபடி தேறியது. அந்த லட்சணத்துக்கு இந்த மாதிரி அக்கறையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. வந்ததை வந்தபடியே எழுதினேன்.

வைவா அன்று எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், முதலில் சாம்பிளைக் கேட்டார், பிறகு சாம்பிளிங் முறையைக் கேட்டார், பிறகு தொடர்பைக் கணக்கிட ஏன் பியர்சன் முறை, ஏன் ஸ்பியர்மன் முறை இல்லை என்று கேட்டார். மனப்பாடம் பண்ணியிருந்தேன், சொன்னேன். ஆல்ஃபா அட்டவணையில் விரல் நின்றது. அங்கிருந்து நேராகப் பின்னிணைப்புக்குப் போனார். வயிற்றைக் கலக்கியது.

"எட்டாவது ஐட்டத்துல 'கைக்குள்'னு இருக்கு. ஒரிஜினல்ல அப்படி இல்லையே?"

நான் சொன்னேன். உச்சி, தண்ணி டேங்க், அரிசி, எல்லாம். ஆங்கிலத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் தமிழுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. என் கைடு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எக்ஸ்டர்னலும் சிரித்தார், நல்ல மனுஷிதான். கடைசியில் பேனாவை எடுத்து, "இன்ட்ரஸ்டிங். லிமிடேஷன்ஸ்ல போட்டுருங்க" என்றார்.

லிமிடேஷன்ஸ். குறைபாடுகள். ஐந்தாம் அத்தியாயத்தில், கூகுள் ஃபார்ம் ஆட்களும் நானும் ஒரே மாதிரி, 'சாம்பிள் அளவு சிறியது, நேரம் போதவில்லை' என்று எழுதுகிற அந்த அரைப் பக்கம்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வார்த்தையை மாற்றினால் அளவுகோல் மாறுகிறது, பிறகு என் எண்ணை வேறு ஊர் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உச்சி'யை அப்படியே வைத்திருந்தால் மட்டும் ஒப்பிட்டிருக்கலாமா? தண்ணி டேங்க்கை எதோடு ஒப்பிடுவது? அந்தக் கேள்வி யாருக்கும் புரியவில்லை என்பது அப்போது குறைபாடாகக்கூட எழுதப்பட்டிருக்காது. அளவுகோலுக்கு விசுவாசமாக இருந்தவள் என்று மார்க் கூட வந்திருக்கும்.

என்னைக் கேட்டால், முதுகலை ஆய்வேட்டுக்கு நூற்றிருபது பேரிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது என்ற கணக்கையே தூக்கிவிடலாம். ஒரு ஸ்கேல், பத்து ஆட்கள். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துவிட்டு, 'இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வரட்டும். இதற்கு உளவியலில் முறையான பெயரும் நடைமுறையும் எல்லாம் இருக்கின்றன, நான் கண்டுபிடித்ததில்லை. அதை வைத்து வைவா நடத்துங்கள், தமிழிலேயே நடத்துங்கள். கலைச்சொல் இல்லை என்பார்கள். டீக்கடையில் ஆல்ஃபாவை விளக்கச் சொன்னால் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலத்திலும் விளக்க மாட்டோம். எனவே அந்தச் சாக்கு வேண்டாம். நாளைக்கு இதே பிள்ளைகள்தான் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் 'சோறு இறங்கல' என்று சொல்லும்போது அது என்ன என்று புரிந்துகொள்ள வேண்டியவர்கள்.

வைவா முடிந்த வாரம், மிச்சமிருந்த ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். நீல ரெக்சின் அட்டையைத் தடவிப் பார்த்தார். புரட்டினார். பூரா ஆங்கிலம். "இதுல என் பேரு எங்க இருக்கு?" என்றார். பேர் போடக்கூடாது அக்கா, அதுதான் விதி என்றேன். கையெழுத்து வாங்கும்போது நானே சொன்னதுதான், அவருக்கும் ஞாபகம் வந்தது. இருந்தாலும் முகம் கொஞ்சம் வாடியது. பின்னிணைப்பைத் திறந்து கொடுத்தேன். தமிழைக் கண்டதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். எட்டாவதுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது நான் சொன்னதுல்ல?"

"ஆமாக்கா."

"'கைக்குள்ள'ன்னுல்ல சொன்னேன். 'கைக்குள்'னு போட்டுருக்க."