ஆமா, குங்ஃபூ படம்தான். பிடிச்சிருக்கு. இப்ப என்ன?

ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்குப் பிறகு நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' பிடிச்சிருக்கு என்று நான் சொன்னதும், "குங்ஃபூ படத்தையெல்லாம் சினிமான்னு பேசுறீங்களே" என்று ஒருத்தர் சொல்ல, கூட நாலு பேர் சிரித்தார்கள். சிரித்து முடித்திருந்தால் கொஞ்சம் கேளுங்கள்.

சண்டைப் படம் எனக்கு ஆகாது. பத்துப் பேர் சுற்றி நின்றாலும் ஒவ்வொருத்தராக வந்து அடி வாங்குவது, கை காற்றில் போனாலே சாட்டைச் சத்தம், அடிக்கு ஒரு கட் போட்டு யார் யாரை அடித்தார் என்றே தெரியாமல் செய்வது. இதில் ஒன்றையும் நான் வாபஸ் வாங்கவில்லை. அப்படியும் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோ எடுத்த இந்தப் படம் (1978) பிடித்தது. அது அடிப்பதைப் பற்றிய படமில்லை, கற்றுக்கொள்வதைப் பற்றிய படம்.

கதை பழசுதான். சீனாவை மஞ்சு இனத்தவர் ஆண்ட காலத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்த மாணவன், குங்ஃபூ கற்றுத்தரும் ஷாவ்லின் புத்த மடத்துக்குத் தப்பி ஓடுகிறான். அங்கே அறைக்கு ஒரு பயிற்சி. ஆனால் நடுப்பகுதியில் வெகுநேரத்துக்கு வில்லனே கிடையாது. தண்ணீரும் கட்டையும் மணியும்தான் எதிரி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் தண்ணீர், அதில் மிதக்கிற ஒரு கட்டைக் கட்டு. அதை மிதித்துத் தாண்ட வேண்டும். பாரத்தை முழுசாக இறக்கினால் கவிழ்த்துவிடும். பட்டும் படாமல் வைத்து எடுக்கணும்.

அப்புறம் வாளிகள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டியபடி தண்ணீர் சுமக்க வேண்டும். மேற்கையில் கத்தி கட்டியிருக்கும், முனை விலாவைப் பார்த்து. கை தாழ்ந்தால் குத்தும். வசனமே வேண்டாம், பார்க்கிற நமக்குத் தோள் கடுக்கிறது. இன்னொரு அறையில் நீளக் கழியின் நுனியில் கனம். மறுமுனையைப் பிடித்துத் தாளம் தப்பாமல் மணியை அடிக்கணும். கழி நீள நீள மணிக்கட்டில் பாரம் ஏறும். தோளைக் கொடுத்து ஏமாற்ற முடியாது.

இயக்குநர் லாவ் கார்-லியுங்குக்கு இது ஸ்டூடியோவில் கற்ற வித்தை இல்லை. அப்பா லாவ் சாம், அவருக்கு ஆசான் லாம் சாய்-விங், அவருக்கு ஆசான் வோங் ஃபெய்-ஹுங். ஹுங் கா என்ற குங்ஃபூ வழி அப்படியே இறங்கி வருகிறது. கதாநாயகன் கார்டன் லியுவும் அதே லாவ் சாமிடம் கற்றவர். அதனால்தான் தலை முதல் பாதம் வரை ஃபிரேமுக்குள் வைக்கத் தைரியம் வருகிறது. பாதத்தை வெட்டிவிட்டால் யாரையும் வீரனாக்கிவிடலாமே!

இனி நீங்கள் கேட்கிற கேள்விகள். "கேமராவில் ஜூம் போட்டே கொல்றாங்களே?" ஆமாம், கொல்கிறார்கள். அடுத்தது.

"நம்ம சிலம்பத்தைப் பற்றி எழுத மாட்டீங்களா?" எழுதினால் படிப்பீர்களா? அதற்கும் யாராவது சிரிப்பார்கள்.

"வன்முறையை அழகாக்குது." இதைச் சொன்னவர் படத்தைக் கடைசிவரை பார்த்தாரா என்றே சந்தேகம். மடத்தின் 35 பயிற்சி அறைகளையும் முடித்தவன் கேட்பது என்ன? 36ஆவது அறை. மடத்துக்கு வெளியே, சாதாரண சனங்களுக்குச் சொல்லித்தர. கலையைப் பூட்டி வைத்தவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இதெல்லாம் சினிமாவா" என்று கேட்கிறவர்களும் வாசலில் அதே பூட்டோடுதான் நிற்கிறார்கள். எது கலை, யார் ரசிக்கலாம், எதை ரசித்தால் மரியாதை போகும், எல்லாம் இவர்கள் கையில். படம் பிடிக்கவில்லை என்றிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். பிடித்தது என்று சொன்னவனைப் பார்த்துச் சிரித்தீர்கள் பாருங்கள், அதுதான்.

முதலில் சிரித்த அண்ணனுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். கத்தியெல்லாம் வேண்டாம். கைக்கு ஒரு அரை வாளித் தண்ணீர். முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டு வாங்க. பேசலாம்.