ஜூம் பட்டனைத் தொடாதீங்க

"பழைய கௌபாய் படமெல்லாம் ஒரே இழுவை" என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, டிவியில் ஜூம் போட்டா பார்த்தீங்க என்பதுதான்.

அண்ணா சாலை தேவி மாதிரி பெரிய திரையில் பார்க்க வேண்டிய படங்கள் இவை. 55 இன்ச் டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 68.5. இத்தாலிய கௌபாய் பட இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 2.35:1 படம், அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான படம், அதில் 52 செ.மீ. உயரம்தான் பிடிக்கும். மேலேயும் கீழேயும் எட்டு செ.மீ. சொச்சம் கறுப்பாக நிற்கும். காசு போட்டு வாங்கிய டிவியில் இடம் வீணாகுதே என்று ஜூமை அமுக்கினால், அகலத்தில் கிட்டத்தட்ட கால்வாசி காலி. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கடைசிக் கல்லறைக் காட்சியில் மூணு பேரும் எட்ட எட்ட நிற்பதுதான் விஷயமே. ஓரத்தில் நிற்கிறவன் பாதி வெட்டுப்பட்டால் யார் யாரை முறைக்கிறான் என்றே பிடிபடாது. அப்புறம் இழுவையாகத்தான் இருக்கும்.

அடுத்தது மோஷன் ஸ்மூத்திங். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், இல்லாத பிரேம்களை டிவியே செருகும். குதிரைச் சவாரி மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, ஆஃப் பண்ணிடுங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம். லியோனியின் அந்தப் படம் டெக்னிஸ்கோப், அதாவது ஒரு பிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் நாலு துளைக்குப் பதில் ரெண்டு துளை உயரத்துக்குத்தான் ஃபிலிம். நெகட்டிவ் பாதி என்பதால் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப் புள்ளிகள், தெரியத்தான் செய்யும். அதைத் துடைத்தால் அந்த மூணு பேரில் ஒருவனான டூகோ முகத்து வியர்வையும் அழுக்கும் சேர்ந்து போய், மெழுகு பொம்மை ஒன்று வசனம் பேசும்.

உதடு ஒட்டவில்லை என்று ஆடியோ டிலேயைத் திருகவும் வேண்டாம். லியோனி படத்தில் நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, வசனம் பிறகு டப் செய்யப்பட்டது. துப்பாக்கிப் புகையும் சத்தமும் சேர்கிறதா, அதைப் பாருங்க போதும். பழைய மோனோ டிராக் (ஒரே சேனல் ஒலி) இருந்தால் 5.1 சரவுண்ட் ஒலியை விட்டுவிட்டு அதைப் போடுவேன்.

மே மாத மதியத்தில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்துப் பார்ப்பது தனிக் கொடுமை. அந்தக்கால ராத்திரிக் காட்சிகள் பல, பகலிலேயே எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தவை. பிரைட்னஸை ஏற்றினால் ராத்திரி போய் மதியம் வந்துவிடும். திரைச்சீலையை இழுத்து விடுங்க.

இயக்குநர் கர்ணன், நடிகர் ஜெய்சங்கர் காலத்து நம்மூர் கௌபாய் படங்களுக்கு வேறு வியாதி. அகலம் குறைந்த 4:3 படத்தை, இன்றைய டிவியின் அகல வடிவமான 16:9-க்கு இழுத்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், குதிரை எருமையாகிறது. அதற்கு மட்டும் டிவியின் பிக்சர் சைஸில் 4:3-ஐத் தேர்ந்தெடுங்க. எருமை மறுபடி குதிரையாகும்.