10 பிளை என்றால் பத்து அடுக்கு இல்லை

மேலே ஒருவர், "தினமும் ஆபீஸ் போகும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்குக்கும் லோட் ரேஞ்ச் இ ஆல்-டெரெய்ன் (எல்லாப் பாதைக்குமான) டயரே போடுங்கள், பத்து அடுக்கு இருப்பதால் பஞ்சரே ஆகாது" என்கிறார். தவறு. லோட் ரேஞ்ச் இ என்பது அதிக பாரம் தாங்கும் டயர் வகை; அதைத்தான் 10 பிளை என்றும் சொல்வார்கள். இந்த 10 பிளை, பருத்தி நூல் டயர் காலத்திலிருந்து தொடரும் பலக் குறியீடு. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவரில் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்குதான். சந்தேகமிருந்தால் டயரிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

அப்புறம், இந்த இ டயர் கனம். மைலேஜ் குறையும், காலி வண்டி குலுங்கும். அதே பாரத்தைத் தாங்க சாதாரண பி-மெட்ரிக் (பயணிகள் வண்டி) டயரைவிடக் கூடுதல் காற்றும் வேண்டும். கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதாமல் போகலாம். கனமான டிரெய்லர் இழுப்பவர், கூர்க்கல் பாதையில் போகிறவர் என்றால் சரி, இ வாங்கலாம். மளிகைக்கடைக்குப் போய்வர எதற்கு?